தாயாருடன் தொடர்பு இல்லை

"எங்கம்மா வருமானம் எவ்வளவுன்னு கேக்குறாங்க" என்றாள் கோரின், பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டே.

"பூஜ்யம்னு போடு" என்றார் லைல். என் வீட்டுக்காரர். எந்தப் படிவமானாலும் அவருடைய பதில் அதுதான்.

"பூஜ்யம்னு போட்டாலும் கீழ அவங்க கையெழுத்து வேணுமாம்."

"கொண்டா, நான் போட்டுத் தர்றேன். டார்லா கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எனக்கு வரும்."

"ஜெயிலுக்கு வந்து உங்களைப் பாக்குறேன், லைல்."

"வரும்போது பலகாரம் கொண்டு வா. புளிப்பு ருபார்ப் வெச்சுச் சுட்ட பை."

கோரின் மாக்கிக்கு அப்போது பதினேழு வயது. எங்கள் மாடி அறைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவள் அம்மா டார்லா பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு ஒரு குளிர்காலம் வேலை பார்த்தவள். பனி உருகியதும் ஒரு லாரிக்காரனோடு தெற்கே கிளம்பினாள். "ரெண்டு வாரம் பிள்ளையைப் பாத்துக்குங்க, வெர்னா" என்றாள். அந்த ரெண்டு வாரம் முடியவே இல்லை. அப்பா என்று எழுத வேண்டிய கட்டத்தில் எழுத யாரும் இருந்ததில்லை.

கல்லூரி உதவித்தொகைப் படிவத்துக்கு இதெல்லாம் புரியாது. இருபத்து நாலு வயது ஆகும்வரை பெற்றவர்களின் கணக்கைக் காட்ட வேண்டும். அனாதை, கல்யாணம் ஆனவர், பட்டாளத்துக்காரர், இவர்களுக்குத்தான் விலக்கு.

"அப்ப கல்யாணம் பண்ணிக்கோ" என்றார் லைல். "பக்கத்து வீட்டு ஏர்ல் இருக்கான். எழுபத்தி ரெண்டு வயசுதான். சொந்த டிராக்டர்."

"டிராக்டர் ஓடுதா?"

"ஏர்லை விட நல்லா ஓடுது."

அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். வேறு வழி ஒன்று இருக்கிறது என்றார்கள். பெண்ணின் நிலைமை தெரிந்த இரண்டு பெரியவர்கள் கடிதம் கொடுத்தால், பெற்றவர்கள் இல்லாமலே கணக்குப் போடுவார்களாம். ஒன்றைப் பள்ளிக்கூட ஆலோசகர் எழுதினார். மற்றதை நான் எழுதினேன். நாலாவது வரியை ஆலோசகர்தான் சொல்லிக்கொடுத்தார்: 'இந்த மாணவிக்குத் தாயாருடன் எந்தத் தொடர்பும் இல்லை.'

கோரின் அதை வாங்கிப் படித்தாள்.

"எந்தத் தொடர்பும்னு போட்டுட்டீங்க."

"உண்மைதானே, கண்ணு?"

"உண்மைதான்." மடித்தாள். மறுபடி பிரித்து அந்த வரியை மட்டும் பார்த்தாள். "எழுதிப் பாத்தா வேற மாதிரி இருக்கு."

பணம் வந்தது. கையில் தரமாட்டார்கள். வருஷத்துக்கு உண்டானதை இரண்டாகப் பிரித்து, இலையுதிர் காலத்துக்குப் பாதி, வசந்த காலத்துக்குப் பாதி. அதிலும் முதலில் கல்லூரி தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவதை ஐந்தாவது வாரத்தில் காசாளர் ஜன்னலில் காசோலையாகக் கொடுப்பார்கள். பிள்ளைகள் அதை 'மிச்சம்' என்பார்கள். மிச்சம் வந்தாச்சா, மிச்சம் வந்தாச்சா என்று ஒரே பேச்சாக இருக்கும். அது வரும்வரை பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ரொட்டியும் கடலை வெண்ணெயும்தான்.

கோரின் எடுத்தது மண் ஆய்வுப் படிப்பு. "மண்ணுல ஆராய என்ன இருக்கு?" என்று லைல் கேட்டதற்கு, "உங்க தக்காளி ஏன் காய்க்கலைன்னு கண்டுபிடிக்கப் போறேன்" என்றாள். முதல் வருஷம் வேதியியல் அவளை அடித்துப் போட்டது. மூன்றாவது வாரம் அந்த வகுப்பை விட்டுவிட்டாள். விட்ட நாலாம் நாள் கல்லூரி தலை எண்ணும் நாள். யார் எத்தனை வகுப்பில் இருக்கிறார்கள் என்று அன்று எண்ணி, அதற்கேற்ப பணத்தை வெட்டுவார்கள். எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குக் கடிதம் வந்தது: 'உங்கள் உதவித்தொகை திருத்தப்பட்டுள்ளது.'

வண்டிக்குப் பனியில் வழுக்காத குளிர்காலச் சக்கரம் நாலு வாங்க நினைத்திருந்தவள், இரண்டு சக்கரத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"நாலே நாள்" என்றாள். "நாலு நாள் பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தா கை வெச்சிருக்க மாட்டாங்களாம்."

"முன்னாடி ரெண்டு சக்கரம் போட்டுக்கலாம்" என்றார் லைல். "பின்னாடி ரெண்டும் பின்னாடி வரும்."

அவள் சிரிக்கவில்லை. "அவங்க எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்காங்க, வெர்னா. நம்ம பக்கம் ஒண்ணு அசைஞ்சா, அந்தப் பக்கம் பணம் அசையுது."

அந்தப் பேச்சு என் மனசில் ஒட்டிக்கொண்டது.

அந்த வருஷம் முதல் பனி நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விழுந்தது. லைல் டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் கழுவ, கோரின் துடைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஆட்ட நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் போனை எடுப்பதில்லை. பதில் சொல்லும் மெஷின் எடுத்துக்கொண்டது. கூப்பிட்டவர் பேசுவது அதில் பதிவாகும்போதே அறைக்குள் சத்தமாகக் கேட்கும்.

"கோரி... நான்தான்."

கோரின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது.

"அங்க பனி விழுந்துச்சா? இங்க டிவியில காட்டுறான், உங்க பக்கமெல்லாம் வெள்ளையா இருக்கு. இங்க ஜனங்க இன்னும் செருப்போட நடக்குறாங்க, நீ பாத்தா சிரிப்பே..." பின்னால் எங்கேயோ துணி உலர்த்தும் மெஷின் சுற்றுவது போல ஒரு சத்தம். "நீ வீட்ல இருந்தா எடு. கோரி?"

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"எடுக்காத" என்றேன்.

"வெர்னா..."

"தொடர்பு இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கு. எடுத்தா தொடர்பு. ஒரு வகுப்புக்கே அவ்வளவு வெட்டினாங்க. இதுக்கு?"

"அடுத்த வாரம் கூப்பிடுறேன்" என்றது மெஷின். கூப்பிடவில்லை. எங்கிருந்து பேசுகிறாள் என்றோ, என்ன நம்பர் என்றோ டார்லா சொல்லவில்லை.

லைல் நாற்காலியில் திரும்பிப் பார்த்தார். ஆட்டத்தின் சத்தத்தைக் குறைத்திருந்தார். கோரின் அந்தத் தட்டைத் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மெஷினில் விரல் அளவு ஒரு கேசட். அடுத்து யார் பேசினாலும் பழைய பேச்சின்மேல் பதிந்துவிடும். திங்கட்கிழமை அவள் புதுக் கேசட் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மறு வருஷமும் அப்படித்தான். முதல் பனி, டார்லாவின் குரல், "பனி விழுந்துச்சா?" இந்தத் தடவை கோரின் போனுக்குப் பக்கத்திலேயே நின்றாள். கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, ரிசீவரைத் தொடாமல். நான் வாயே திறக்கவில்லை. திறக்கத் தேவை இருக்கவில்லை.

"உனக்குக் கோவம்னு தெரியுது" என்றது குரல். "இருக்கட்டும். இருக்க வேண்டியதுதான். இன்னும் ஒரு வருஷம் கூப்பிட்டுப் பாக்குறேன். அப்பவும் எடுக்கலைன்னா தொந்தரவு பண்ண மாட்டேன். போன்ல போட்ட காசு முடியப் போகுது. பூட்ஸ் போட்டுக்கோ."

"கோவம் இல்ல" என்றாள் கோரின், மெஷினைப் பார்த்து. "கோவமே இல்லம்மா."

மெஷின் 'டக்' என்று நின்றது.

புதுக் கேசட். மாடியில் பூட்ஸ் டப்பாவில் கேசட் இரண்டு ஆயிற்று.

வருஷா வருஷம் வசந்தத்தில் கடிதம் புதிதாக வேண்டும். மூன்றாவது தடவை நாலாம் வரிக்கு வந்ததும் என் பேனா நின்றது.

"லைல், இது பொய்யா?"

"நீங்க யாரும் பேசல. மெஷின்தான் பேசுச்சு. மெஷினுக்குத்தான் தொடர்பு."

"கிண்டல் பண்ணாத."

"நான் கிண்டல் பண்ணல, வெர்னா. நீ கேக்குறதுதான் தப்பான கேள்வி." கொட்டகைக்குப் போய்விட்டார். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அந்த வருஷம் உதவித்தொகை அலுவலகத்துக்குப் புது அதிகாரி வந்திருந்தாள். ரெனீ டுஃபோ என்று பெயர். கடிதம் மட்டும் போதாது, நேரில் வாருங்கள் என்று எழுதியிருந்தாள். நாற்பது மைல். போகும் வழியெல்லாம் கோரின் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"நான் பேசுறேன். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. இன்னும் ஒரு வருஷம்தான், வெர்னா. ஒரே ஒரு வருஷம்."

ரெனீ சின்ன வயசுக்காரி. மேஜைமேல் ஒரு டப்பாவில் கேரட் துண்டுகள். "மன்னிச்சுக்குங்க, சாப்பாட்டுக்கு நேரமே கிடைக்கல" என்று ஒன்றைக் கடித்துக்கொண்டே கோப்பைப் புரட்டினாள். "மூணு வருஷமும் ஒரே வரி, ஒரு எழுத்து மாறல. அதான் பாத்துப் பேசலாம்னு. அம்மாகிட்ட இருந்து ஏதாவது தகவல்?"

"இல்ல" என்றாள் கோரின்.

"கூப்பிட்டா" என்றேன்.

மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். "வெர்னா!"

"ரெண்டு தடவை கூப்பிட்டா. மெஷின்ல பேசினா. இவ எடுக்கல. எடுக்காதேன்னு நான்தான் சொன்னேன். கையெழுத்தும் என்னோடது. தப்புன்னா என் தலையில போடுங்க, இவ பணத்துல கை வெக்காதீங்க."

ரெனீ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் எடுக்கல?"

"எடுத்தா தொடர்பு ஆயிடும்ல?" என்றாள் கோரின். குரல் பத்து வயதுப் பிள்ளையின் குரல்.

"அப்படின்னு யார் சொன்னது?"

நான் கோரினைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். யாரும் எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை.

ரெனீ கேரட்டைக் கீழே வைத்தாள். "நான் பாக்குறது வேற, கோரின். அவங்க உன்னை வெச்சுக் காப்பாத்துறாங்களா? பீஸ் கட்டுறாங்களா? ஒரு அவசரம்னா அவங்ககிட்ட போய் நிக்க முடியுமா? அவ்வளவுதான். ஜெயில்ல இருந்து வாராவாரம் பையனைக் கூப்பிடுற அப்பா ஒருத்தர் இருக்கார். அந்தப் பையனுக்குப் போன மாசம்தான் அனுமதி போட்டேன். அம்மா திரும்பி வந்து உன்னைக் கூட்டிட்டுப் போய் வெச்சுக்கிட்டா, அப்ப வந்து சொல்லு, கணக்கைத் திருத்தணும். போன்ல பேசுறதுக்கு எல்லாம் யாரும் திருத்த மாட்டாங்க."

"அப்ப பேசியிருக்கலாமா?"

"பேசியிருக்கலாம்."

"ரெண்டு தடவையும்?"

ரெனீ கோப்பில் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும் வழியில் ஆற்றுப் பாலம் தாண்டியதும் கோரின் கேட்டாள்:

"பணத்துக்காகத்தான் சொன்னீங்களா, எடுக்காதேன்னு?"

பொய் சொல்லியிருக்கலாம். "பாதி" என்றேன்.

"மீதி?"

"ரெண்டு வாரம்னு சொல்லிட்டுப் போனவ அவ. ஒரு போன்ல உன்னை எடுத்துட்டுப் போயிடுவாளோன்னு."

"எங்க எடுத்துட்டுப் போவாங்க, வெர்னா? அவங்களுக்கே இடம் இல்ல."

அன்று சாயங்காலம் அவள் மெஷினின் வரவேற்புப் பேச்சை மாற்றினாள். மூன்று தடவை அழித்து அழித்துப் பேசினாள். கடைசியில் நின்றது இது: "அம்மா, நீங்கன்னா வெச்சுடாதீங்க. நான் மாடியில இருப்பேன், இறங்கி வர நேரம் ஆகும். கோவம் இல்ல. மத்தவங்க, சத்தம் கேட்டதும் பேசுங்க."

அதற்கப்புறம் எங்களைக் கூப்பிட்டவர்கள் பட்ட பாடு. ஏர்ல் ஒரு தடவை, "நான் உங்கம்மா இல்லம்மா, ஏர்ல். லைல்கிட்ட என் ஏணியைத் திருப்பித் தரச் சொல்லு" என்று வைத்தார். பல் டாக்டர் ஆபீஸ் பெண் பேசாமலே வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டு, எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள். "அந்தப் பேச்சை மாத்தச் சொல்லலாமே" என்றேன் லைலிடம். "என் ஏணியா அது? ஏர்ல் ஏணியா?" என்று ஏணிப் பேச்சுக்குத் தாவினார். மாற்றச் சொல்லவில்லை.

அந்த வருஷம் பனி ஏமாற்றியது. அக்டோபர் முடிந்தது. நவம்பரில் பாதி போயிற்று, மழைதான். கோரின் காலையில் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நின்று வானத்தைப் பார்ப்பாள். விவசாயிகூட அப்படிப் பார்க்க மாட்டான். ஆய்வுக்கூடம் இருக்கும் செவ்வாய், வியாழன் மட்டும் நாலு மணிக்குமேல்தான் வருவாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கே விழ ஆரம்பித்தது. மத்தியானம் மூணு மணி. நான் சமையலறை வேலை முடிந்து வந்து ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. போன் அடித்தது. மெஷின் பேச ஆரம்பித்ததும் ஓடிப்போய் எடுத்தேன். போனும் மெஷினும் சேர்ந்து கீச்சென்று கத்தின.

"டார்லா? வெச்சுடாத. நான் வெர்னா."

மூச்சுச் சத்தம். "அவ குரல் கேட்டுச்சு" என்றாள். "அம்மான்னு சொன்னா."

"சொன்னா. உனக்காகத்தான் பேசி வெச்சிருக்கா. இப்ப வந்துருவா."

"பனி விழுதா?"

"விழுது. டார்லா, நீ எங்க இருக்க? நம்பர் சொல்லு, நான் கூப்பிடுறேன்."

"இது தெருப் போன். இதுக்குக் கூப்பிட முடியாது."

"அப்ப வெச்சிட்டு ஆபரேட்டர்கிட்ட சொல்லு, செலவு எங்க பேர்ல போகட்டும். மணிக்கணக்கா பேசலாம்."

"வேணாம், வெர்னா."

"காசைப் பத்தி நினைக்காத."

"காசுக்கு இல்ல. ஆபரேட்டர் கேப்பான், இந்த அழைப்பை ஏத்துக்கிறீங்களான்னு. அப்ப அவ வந்து எடுத்து, இல்லைன்னு சொல்லிட்டா?"

யாரால் அப்படி நினைக்கிறாள் என்று எனக்குத்தானே தெரியும். "எவ்வளவு சில்லறை இருக்கு?" என்றேன்.

"கால் டாலர் காசு ஏழு. துணி துவைக்க வெச்சது."

"ஒவ்வொண்ணா போடு. போட்டுக்கிட்டே இரு. நான் பேசுறேன்."

என்ன பேசுவது? எனக்கும் டார்லாவுக்கும் அந்தக் குளிர்காலத்திலேயே அவ்வளவு ஒத்துப்போனதில்லை. "நீ இன்னும் மக்ரோனியைக் குழைய விடுறியா?" என்று கேட்டேன்.

"நான் எங்க குழைய விட்டேன்? நீங்க வடிகட்ட மறந்தீங்க."

"முந்நூறு பிள்ளைங்க கரண்டியால குடிச்சாங்க."

"அந்த ஹெட்மாஸ்டர், புது சூப்பான்னு கேட்டானே." சிரித்தாள். காசு விழும் சத்தம். "என்ன படிக்கிறா?"

"மண்."

"மண்ணா?"

"எங்க தக்காளி காய்க்கிறதுக்காக. நல்ல மார்க் வாங்குறா. வேதியியல்கூட திரும்ப எடுத்துப் பாஸ் பண்ணிட்டா."

"அது என்கிட்ட இருந்து வரல." காசு. "உயரமா இருக்காளா?"

"கதவுல இடிக்க மாட்டா. டார்லா, எடுக்காதேன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன். ரெண்டு தடவை எடுக்காததும் அதனாலதான். கோவம் அவளுக்கு இல்ல. ஒரு காகிதத்துக்குப் பயந்து சொன்னேன். காகிதத்தை நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு காசு விழுந்தது. "இது அஞ்சாவது" என்றாள். அதைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான்.

ஆறாவது காசுக்கு நான் என் முட்டி வலியைச் சொன்னேன். அவள் தன் முட்டி வலியைச் சொன்னாள். கடிகாரத்தில் மூணு பன்னிரண்டு. வழக்கமாக அவள் வந்து சேர இன்னும் எவ்வளவோ நேரம். என்ன பேசினாலும் எட்டாது என்று தெரிந்தும் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் வண்டி விளக்கு வெளிச்சம் திரும்பியது. பனியைப் பார்த்ததும் ஆய்வுக்கூடத்தைப் பாதியில் போட்டுவிட்டு நாற்பது மைல் ஓட்டி வந்திருக்கிறாள்.

"வந்துட்டா! கடைசிக் காசைப் போடு!"

கதவைத் திறந்தவள் என் கையில் ரிசீவரைப் பார்த்தாள். பூட்ஸைக் கழற்றவில்லை, தரையெல்லாம் பனி. வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். நான் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். கோட்டு உள்ளே மாட்டியிருந்தது.

கொட்டகையில் இருந்து லைல் வந்தார். "என்ன பேசுறாங்க?"

"தெரியாது."

"காதைக் கதவுல வெச்சா தெரியும்."

"வெக்க மாட்டேன்."

அவர் தன் கோட்டைக் கழற்றி என் மேல் போட்டார். ஒரு காசுக்கு உண்டான நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. குளிரவே இல்லை, அதற்குள் அவள் வந்து கதவைத் திறந்துவிட்டாள். "முடிஞ்சிருச்சு" என்றாள். முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. "பூட்ஸ் போட்டிருக்கியான்னு கேட்டாங்க. போட்டிருக்கேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அடுத்த பனிக்குக் கூப்பிடுவாங்களாம்."

மறு வசந்தத்தில் இன்னும் ஒரு கடிதம் எழுதினேன். விட்ட வகுப்புகளுக்காக அவளுக்கு ஒரு பருவம் கூடுதலாக வேண்டியிருந்தது. நாலாம் வரியை இப்படி மாற்றினேன்: 'தாயார் நவம்பரில் தொலைபேசியில் பேசினார். மகளின் செலவுக்கு அவரால் எதுவும் தர இயலவில்லை. இருக்குமிடம் தெரியாது.' கோரின் படித்துப் பார்த்தாள். "பேசினார்" என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தாள்.

ஜூலையில் பதில் வந்தது. நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அவள் நின்றபடியே பிரித்தாள்.

"என்ன கண்ணு, வெட்டிட்டாங்களா?"

"இல்ல. அதே பணம். ஒண்ணும் மாறல." காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்பது போல. "பெற்றோர் பங்கு, அந்தக் கட்டம் இப்பவும் காலிதான்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்." காகிதத்தை மடித்து உறையில் போட்டாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பட்டாணிக் காயை எடுத்து உரித்தாள்.

"அம்மா பேசினதுக்குக் கொஞ்சமாவது குறைப்பாங்கன்னு நினைச்சேன், வெர்னா" என்றாள்.